யார் செய்தது என்று சொல்லாத வினைகள்: வியட்நாம் அரசியல் மொழிக்கு ஓர் எளிய அறிமுகம்

1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயின் பா டின் திடலில் ஹோ சி மின் விடுதலைப் பிரகடனத்தை வாசித்தார். அதில் ஏழெட்டுச் சொற்களே உள்ள ஒரு வாக்கியம் வரும்: "ஃபாப் சாய், ந்யாத் ஹாங், வுவா பாவ் டாய் த்வாய் வி." தமிழில் சொன்னால், பிரெஞ்சுக்காரன் ஓடினான், ஜப்பான்காரன் சரணடைந்தான், மன்னர் பாவ் டாய் முடி துறந்தார். பல பத்தாண்டுக் காலனி ஆட்சியும் ஓர் உலகப் போரும் ஓர் அரச வம்சமும் மூன்றே வினைகளில் முடிந்துவிட்டன.

இதைத் தமிழாக்கும்போது ஒரு தொல்லை வரும். 'ஓடினான்' என்று போடுவதா, 'ஓடினார்கள்' என்று போடுவதா? மன்னருக்கு மட்டும் 'ஆர்' விகுதி கொடுக்கலாமா? தமிழ் வினை, முடிவில் ஆளையும் மரியாதையையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். மூலத்தில் இந்தக் கேள்வியே எழாது. சாய் என்றால் ஓடு. எத்தனை பேர், எப்போது, மரியாதையோடா என்பது எதுவும் அந்தச் சொல்லில் ஒட்டாது.

ஆனாலும் மரியாதை உள்ளே வந்துவிட்டது, வேறு வழியாக. பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தது குழந்தைக்கும் தெரிந்த 'சாய்'. நாயும் சாய், திருடனும் சாய். மன்னருக்குக் கிடைத்ததோ சீனத்திலிருந்து வந்த, அரசவை வாசனை உள்ள 'த்வாய் வி'. மூன்று நாள் முன்புதான் பாவ் டாய் ஹுவே அரண்மனை வாயிலில் முத்திரையையும் வாளையும் ஒப்படைத்திருந்தார். புதிய அரசு அவரைத் தன் ஆலோசகராக வைத்துக்கொண்டது. அவரும் ஓடினார் என்று எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

வியட்நாம் அரசியல் மொழியில் வினைகளைக் கவனிக்கச் சொல்வது இதனால்தான். விகுதி சொல்ல வேண்டியதையெல்லாம் அங்கே வினைத் தேர்வும், வினைக்கு முன்னால் நிற்கும் குட்டிச் சொற்களும் சொல்கின்றன. சில சமயம் சொல்லாமல் விடுகின்றன. அரசியலுக்கு அதுவும் வசதிதான்.

முதலில் கொஞ்சம் இலக்கணம்

வியட்நாமிய வினை எப்போதும் ஒரே உருவத்தில் இருக்கும். 'அன்' என்றால் உண். நான் அன், பாட்டி அன், நேற்று அன், நாளை அன். காலம் சொல்ல வேண்டுமானால் முன்னால் ஒரு சொல்லை வைத்துக்கொள்ளலாம்: முடிந்துவிட்டதற்கு டா, நடந்துகொண்டிருப்பதற்கு டாங், இனி நடக்கப்போவதற்கு ஸே. சூழலிலிருந்தே காலம் புரிந்தால் இவையும் தேவையில்லை.

எழுவாயையும் விட்டுவிடலாம். நாமும்தான் விடுகிறோம், 'வந்தேன்' என்றால் வந்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அங்கே எழுவாய் போனால் போனதுதான். திரும்பிக் கண்டுபிடிக்க வினையில் ஒரு தடயமும் கிடைக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மொழியில் சுரம் மாறினால் பொருள் மாறும். தமிழ் எழுத்தில் சுரத்தைக் காட்ட வழியில்லை. 'மோய்' என்று எழுதினால் அது 'புதிய' என்றும் இருக்கலாம், 'அழை' என்றும் இருக்கலாம். ஆகவே இங்கே வரும் ஒலிபெயர்ப்புகளை அடையாளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதை நம்பி ஹனோயில் போய்ப் பேசிவிடாதீர்கள்.

ஏற்கெனவே ஆகிவிட்டது

அதே பிரகடனத்தின் கடைசிப் பகுதிக்குப் போவோம். வியட்நாம் நாட்டுக்குச் சுதந்திரமும் விடுதலையும் துய்க்கும் உரிமை உண்டு, உண்மையில் அது சுதந்திர நாடாக 'டா தான்' என்கிறது அந்த வாக்கியம். 'தான்' என்றால் ஆகு. 'டா தான்' என்றால் ஆகியே விட்டது. யாரும் தந்தாக வேண்டியதில்லை, யாரிடமும் கேட்டு நிற்கவும் இல்லை. பிரான்ஸ் திரும்பி வரத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், உலகில் ஒரு நாடும் அங்கீகரிக்காத அரசு ஒன்று, 'டா' என்ற ஓரசைச் சொல்லைப் போட்டு விஷயத்தை முடித்து வைத்தது.

அதற்குச் சற்று முன்னால் இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. நம் மக்கள் வியட்நாமை ஜப்பானின் கையிலிருந்து 'லேய் லாய்', பிரான்சின் கையிலிருந்து அல்ல என்று வரும். லேய் என்றால் எடு, லாய் என்றால் திரும்ப. திரும்ப எடுத்துக்கொண்டோம் என்றால் பொருள் முன்பே நம்முடையது என்றாகிறது. பிரான்சிடமிருந்து எடுக்கவில்லை என்றால் பிரான்சுக்குத் திருப்பிக் கேட்க உரிமையும் இல்லை என்றாகிறது. பாரிஸ் வழக்கறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதக்கூடிய வாதத்தை ஒரே கூட்டுவினை முடித்துவிடுகிறது.

நல்லது நேர்ந்ததா, கெட்டது நேர்ந்ததா?

புதிதாகப் படிப்பவர் முதலில் பழக வேண்டிய இரண்டு சொற்கள் டுவக், பி. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தமிழில் 'படு' ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். விருது வழங்கப்பட்டது, வீடு இடிக்கப்பட்டது, தலைவர் பாராட்டப்பட்டார், பயணி தாக்கப்பட்டார். நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே அச்சு. வியட்நாமியத்தில் ஒருவருக்கு ஒன்று நேர்ந்தது என்று சொல்லப் போனால், அது அவருக்கு நன்மையா கேடா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும். நன்மை என்றால் டுவக், கேடு என்றால் பி. பாராட்டு டுவக்குடன் வரும். அபராதம், கைது, அடி எல்லாம் பியுடன் வரும். இரண்டும் வேண்டாமென்றால் வாக்கியத்தை வேறு மாதிரிக் கட்ட வேண்டும்.

இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பயன்படுத்திக் காட்டியவர் அந்த பாவ் டாய் மன்னரேதான். அவருடைய முடிதுறப்பு ஆணையின் புகழ்பெற்ற வரி: அடிமைப்பட்ட நாட்டின் மன்னனாக இருப்பதைவிடச் சுதந்திர நாட்டின் குடிமகனாக இருக்கவே விரும்புகிறேன். மூலத்தில் குடிமகனாவதற்கு முன்னால் டுவக் நிற்கிறது: குடிமகன் ஆகும் பேறு. நாட்டுக்குப் பின்னால் 'பி த்ரி' நிற்கிறது: ஆளப்படும் துன்பத்துக்கு ஆளான நாடு. அரியணையை இழப்பவர் தான் ஒன்றைப் பெறுவதாக எழுதிவிட்டுப் போகிறார்.

அடுத்து 1975 ஏப்ரல் 30, போரின் முடிவில் வடக்கின் படைகள் தெற்கின் தலைநகர் சைகோனைப் பிடித்த நாள். அரசு மொழியில் அது தெற்கை 'ஸாய் ஃபோங்' செய்த நாள், அதாவது விடுவித்த நாள். சைகோன் 'டுவக் ஸாய் ஃபோங்', விடுவிக்கப்படும் பேறு பெற்றது. வெளிநாடுகளில் வாழும் தெற்கத்தி வியட்நாமியர் பலர் அதே நாளை 'மாத் நுவக்' என்பார்கள், நாட்டை இழந்தோம் என்று பொருள். கறுப்பு ஏப்ரல் என்றும் சொல்வதுண்டு. இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு கசப்பான நகைச்சுவை பிறந்தது: 'பி ஸாய் ஃபோங்'. விடுவிக்கப்படும் கேட்டுக்கு ஆளானோம்! இலக்கணப்படி பொருந்தாத சேர்க்கை, அதனாலேயே குத்துகிறது. வினையில் கை வைக்கவில்லை. முன்னால் நின்ற குட்டிச் சொல்லை மாற்றியதிலேயே வரலாறு தலைகீழாகிவிட்டது.

சட்டத்திலும் இந்த வேறுபாடு உண்டு. 2025 ஜூலையில் புதிய சட்டம் வரும்வரை நடப்பிலிருந்த, அரசு ஊழியர் பற்றிய 2008 சட்டத்தில் பதவி போவதற்கான சொற்களுக்கெல்லாம் வரையறை இருந்தது. 'மியென் நியெம்' என்றால் பதவிக்காலம் முடியும் முன் ஒருவர் பதவியிலிருந்து விலக 'டுவக்', அதாவது விலக அனுமதி பெறுகிறார். 'பாய் நியெம்' என்றால் பதவிக்காலம் முடியும் முன் பதவியில் தொடர 'கோங் டுவக்', தொடர அனுமதி பெறவில்லை. இரண்டிலும் நாற்காலி காலி. முன்னதில் விலகுவது ஒரு சலுகை, பின்னதில் நீடிப்பது மறுக்கப்பட்ட சலுகை.

இது தெரிந்தால் அண்மைக்கால ஹனோய்ச் செய்திகள் நன்றாகப் புரியும். 2023 ஜனவரியில் குடியரசுத் தலைவர் நுயென் சுவான் ஃபுக் போனார். 2024 மார்ச்சில், வந்து ஓராண்டே ஆன வோ வான் துவாங் போனார். அடுத்த மாதமே தேசிய அவைத் தலைவர் வுவோங் டின் ஹுவேவும் போனார். பின்னணியில் ஊழல் ஒழிப்பு நடவடிக்கை இருந்ததை உலகமே பேசியது. ஆனால் கட்சியின் அறிவிப்புகளில் வந்த வினை 'தோய் ஸு சுக்': பதவி வகிப்பதை நிறுத்திக்கொள்வது. மத்தியக் குழு அதற்கு 'இசைந்தது'. இதைப் படித்துவிட்டு அவர் தானாக விலகினாரா, விலக்கினார்களா என்று கேட்டால் வாக்கியத்தில் பதில் கிடைக்காது. கிடைக்காதபடிதான் அந்த வாக்கியம் எழுதப்பட்டிருக்கிறது. கண்டனம், எச்சரிக்கை, பதவிப் பறிப்பு, கட்சி நீக்கம் என்று கட்சி உறுப்பினருக்கு நான்கு படித் தண்டனை தனியாக உண்டு. 'தோய் ஸு சுக்' அந்த ஏணியில் எந்தப் படியிலும் இல்லை.

டுவக், பி தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு: சியு. பொறுத்துக்கொள், ஏற்றுக்கொள், தாங்கிக்கொள் என்று சூழலுக்கேற்பப் பொருள்படும். 2013 அரசியல் சட்டத்தின் 4-ஆம் பிரிவு கம்யூனிஸ்ட் கட்சியைப் பற்றியது. அதன்படி கட்சி அரசையும் சமூகத்தையும் வழிநடத்தும் சக்தி. மக்களுக்குத் தொண்டு செய்கிறது. மக்களின் கண்காணிப்பை 'சியு', தன் முடிவுகளுக்கு மக்கள் முன் பொறுப்பை 'சியு'. மக்கள் கட்சியைக் கண்காணிக்கிறார்கள் என்று மக்களை எழுவாயாக வைத்தும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தாங்கிக்கொள்ளும்போதும் வாக்கியத்தின் தலைமை இடத்தில் கட்சியே இருக்கிறது.

சிவப்புப் பதாகையின் இலக்கணம்

வியட்நாமில் எந்த ஊருக்குப் போனாலும் சாலைக்குக் குறுக்கே சிவப்புத் துணியில் மஞ்சள் எழுத்து தொங்கும். 'ஹோ மாமாவின் முன்மாதிரிப்படி வாழ், போராடு, உழை, கற்றுக்கொள்' என்ற வகை வாசகங்கள். தமிழில் போட்டதும் இது கட்டளையாகிவிட்டது பாருங்கள். மூலத்தில் வெறும் வினைகள்தான்: வாழ்தல் என்றும் எடுக்கலாம், வாழ்கிறோம் என்றும் வாழ்வோம் என்றும் எடுக்கலாம். கட்டளை என்று தெளிவாகக் காட்ட 'ஹாய்' என்ற சொல் இருக்கிறது. பதாகைகளில் பெரும்பாலும் அதைப் போடுவதில்லை. உத்தரவும் உறுதிமொழியும் வருணனையும் ஒரே துணியில் தொங்குகின்றன.

பெரிய ஆவணங்களும் இப்படித்தான். 2016 அக்டோபரில் கட்சியின் மத்தியக் குழு ஒரு தீர்மானம் போட்டது. அதன் தலைப்பை மட்டும் பாருங்கள்: கட்சியைக் கட்டுவதையும் சீரமைப்பதையும் வலுப்படுத்துதல், அரசியல் சிந்தனை, ஒழுக்கம், வாழ்க்கைமுறை ஆகியவற்றின் சீரழிவையும், உட்கட்சியில் 'தானே திரிதல்', 'தானே உருமாறுதல்' என்பவற்றின் வெளிப்பாடுகளையும் தடுத்தல், பின்னுக்குத் தள்ளுதல். வலுப்படுத்து, கட்டு, சீரமை, தடு, தள்ளு என்று ஐந்து வினைகள். எழுவாய் ஒன்றுகூட இல்லை. செய்ய வேண்டியவர் யார் என்பது படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் 'தானே' கவனிக்க வேண்டியது. எதிரிகள் வெளியிலிருந்து ஆட்சியைக் கவிழ்க்கச் செய்யும் முயற்சிக்கு 'அமைதி வழித் திரிபு' என்ற பெயர் முன்பே இருந்தது. அது வெளியாள் நமக்குச் செய்வது. 'து ஸியென் பியென்', தானே திரிதல் என்றதும் குற்றவாளி கட்சிக்குள்ளேயே வந்துவிட்டான். 27 அறிகுறிகளை அந்தத் தீர்மானம் பட்டியலிட்டது.

இந்த வகை எழுத்தில் வரும் வினைகள் பெரும்பாலும் சீன மூலத்தவை, ஈரசை உள்ளவை. வலுப்படுத்து என்பதற்கு 'தாங் கூங்', செயலில் இறக்கு என்பதற்கு 'த்ரியென் காய்', ஐயம் திரிபற உள்வாங்கு என்பதற்கு 'குவான் த்ரியெத்'. இரண்டிரண்டாக அடுக்கினால் காதுக்குச் சந்தம்போல இருக்கும், அதனால் அடுக்கிக்கொண்டே போகிறார்கள். ஓர் அலுவலர் நாள் முழுவதும் இவற்றைச் சொல்லிக்கொண்டே ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போகலாம். இது புதிய நோயும் அல்ல. 1947-லேயே ஹோ சி மின் எக்ஸ்.ஒய்.இசட். என்ற புனைபெயரில் எழுதியபோது, கட்சிக்காரர்களின் வெற்றுப் பேச்சுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கித் திட்டியிருக்கிறார். அவர் திட்டியதை மேற்கோள் காட்டும் உரைகளிலும் தாங் கூங், த்ரியென் காய் வரிசையாக வரும் என்பது வேறு கதை.

யாருக்கு எந்த வினை

பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் ஒரு சூத்திரம் உண்டு: 'கட்சி வழிநடத்துகிறது, அரசு நிர்வகிக்கிறது, மக்கள் உடைமையாளராக இருக்கிறார்கள்'. மூன்று எழுவாய், மூன்று வினை, இடம் மாறக் கூடாது. கட்சிக்கு லாஞ் டாவ், அரசுக்கு குவான் லி, மக்களுக்கு லாம் சூ. கேட்க மக்கள்தான் மேலே இருப்பதுபோல் இருக்கும். ஆனால் முதல் இரண்டு வினைகளும் இன்னொன்றின் மேல் செய்யும் செயல்கள். 'உடைமையாளராக இருப்பது' ஒரு நிலை, அவ்வளவுதான். மக்களுக்கென்றே இன்னொரு வாசகமும் உண்டு: மக்கள் அறிவார்கள், மக்கள் விவாதிப்பார்கள், மக்கள் செய்வார்கள், மக்கள் சரிபார்ப்பார்கள். 2021-இல் நடந்த 13-ஆவது கட்சி மாநாட்டில் இதனோடு கண்காணிப்பார்கள், பயன் துய்ப்பார்கள் என்ற இரண்டும் சேர்ந்தன. முடிவெடுப்பார்கள் என்பதற்கு அந்த வரிசையில் இடம் இல்லை. மக்கள் வாயில் புழங்கும் சொலவடையோ இன்னும் சுருக்கம்: 'டாங் கு, ஸன் போ'. கட்சி நிறுத்தும், மக்கள் வாக்குப் போடுவார்கள்.

சாவுக்கும் யாருக்கு எது என்று உண்டு. நம் சொந்த வீரர் செத்தால் 'ஹி ஸின்', உயிர்த்தியாகம். தலைவர் இறந்தால் 'து த்ரன்'. அக்கம்பக்கத்துப் பெரியவர் என்றால் 'மாத்', நாட்டை இழந்ததற்கு வந்த அதே இழத்தல். எதிரி என்றால் 'பி தியு ஸியெத்', அழித்தொழிக்கப்பட்டான். இவை ஒன்றும் ஒட்டாத வெறும் சாவுக்கு 'செத்'. நம் 'செத்து' மாதிரியே ஒலிப்பது தற்செயல்தான். அதிலிருந்து யாரும் ஆராய்ச்சி தொடங்கிவிட வேண்டாம். ஹோ சி மின் தன் சாவைப் பற்றி உயிலில் எழுதியபோது இந்த வரிசை எதையும் தொடவில்லை. கார்ல் மார்க்ஸ் ஐயாவையும் லெனின் ஐயாவையும் மற்ற மூத்த புரட்சியாளர்களையும் 'போய்ச் சந்திக்கும்' வேளை வரலாம் என்று எழுதினார். மார்க்ஸுக்கு அவர் போட்ட 'கூ', கிராமத்துத் தாத்தாக்களைக் குறிக்கும் சொல். பொருள்முதல்வாதி மறு உலகச் சந்திப்பு பற்றிப் பேசலாமா என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. பேச்சுவழக்கு அப்படி.

விடுவித்தலும் திரும்ப எடுத்தலும்

ஸாய் ஃபோங் என்ற வினை 1975-உடன் ஓய்வெடுத்துவிடவில்லை. இன்று வியட்நாமில் சாலையோ தொழிற்பேட்டையோ வரப்போகிறது என்றால் முதல் வேலை 'ஸாய் ஃபோங் மாத் பாங்', நிலப்பரப்பை விடுவித்தல். அங்கே இருக்கும் வீடு, கடை, வயல், கல்லறை எல்லாவற்றையும் அகற்றுவதற்கான அலுவலகச் சொல் இது. நாட்டை விடுவித்த வினையே மனையையும் விடுவிக்கிறது. யாரிடமிருந்து என்று மட்டும் கேட்கக் கூடாது.

இதன் கூட்டாளி வினை 'து ஹோய்', திரும்பப் பெறு. 2013 அரசியல் சட்டத்தின்படி நிலம் முழு மக்களின் உடைமை. அரசு அவர்களின் பிரதிநிதியாக நின்று நிர்வகிக்கும். தனியாருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை. ஆகவே அரசு நிலத்தை எடுக்கும்போது சட்டம் 'எடு' என்று சொல்லாது, 'திரும்பப் பெறு' என்றுதான் சொல்லும். மூன்று தலைமுறையாக உழுத குடும்பத்துக்கு அது பறிபோதல். காகிதத்தில் கொடுத்ததை வாங்கிக்கொள்ளுதல். நிலத் தகராறுகள் ஏன் அந்த நாட்டில் இத்தனை சூடாகின்றன என்பதற்கு இழப்பீட்டுத் தொகை பெரிய காரணம். ஆனால் சண்டையின் பாதி இந்த வினையிலேயே தொடங்கிவிடுகிறது.

1975-க்குப் பின் வந்த இன்னொரு வினையையும் தவிர்க்க முடியாது: 'ஹோக் தாப் காய் தாவ்', கற்று மறுசீரமைதல். தோற்ற தெற்கு அரசின் ராணுவ அதிகாரிகளை ஒரு மாதத்துக்கு வேண்டிய உணவும் துணியும் எடுத்துக்கொண்டு 'கற்க' வரச் சொன்னார்கள். பலர் திரும்ப ஆண்டுகள் ஆயின, சிலருக்குப் பத்து ஆண்டுக்கும் மேல். அவர்களின் குடும்பங்களில் 'அப்பா கற்கப் போயிருக்கிறார்' என்றால் என்ன என்று குழந்தைகளுக்கும் தெரியும்.

கீழிருந்து வந்த வினைகள்

எல்லா வினையும் மேலிருந்து வருவதில்லை. நல்ல அரசியல் வினைகள் பல தெருவிலும் வயலிலும் பிறந்தவை என்பது என் எண்ணம்.

1960-களின் நடுவில் வின் ஃபுக் மாகாணக் கட்சிச் செயலாளர் கிம் நோக், கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்குக் குத்தகை மாதிரிப் பிரித்துக் கொடுக்கச் சம்மதித்தார். மேலிடம் கண்டித்து நிறுத்தியது. ஆனால் விவசாயிகள் அங்கங்கே ரகசியமாகச் செய்துகொண்டேதான் இருந்தார்கள். அதற்கு 'கொவான் சுய்' என்று பெயர், நுழைந்து நழுவும் குத்தகை. சுய் என்றால் சந்துக்குள் தலையைக் குனிந்து நுழைவது. பிறகு ஆலைகளும் நகராட்சிகளும் விதியை மீறி வாங்கி விற்கத் தொடங்கியபோது 'ஸே ராவ்', வேலியைக் கிழித்தல் என்ற சொல் வந்தது. 1981-இல் 100-ஆம் எண் உத்தரவு, 1988-இல் 10-ஆம் எண் தீர்மானம் என்று அரசு படிப்படியாக அதையெல்லாம் சட்டமாக்கிக்கொண்டது. நடுவில் 1986 டிசம்பரில் 6-ஆவது மாநாடு, 'டோய் மோய்'. டோய் மாற்று, மோய் புதிய; மாற்றிப் புதிதாக்கு. உலகம் முழுவதும் வியட்நாமின் பொருளாதாரச் சீர்திருத்தத்தை இந்தப் பெயரில்தான் அறியும். சீர்திருத்தம் என்ற நேர்ச்சொல்லான 'காய் காச்' அந்த மொழியில் இருந்தது. ஆனால் அது 1950-களின் நிலச் சீர்திருத்தத்தோடு ஒட்டிக்கிடந்த சொல். நிலக்கிழார் என்று குற்றம் சாட்டப்பட்ட பலர் அதில் கொல்லப்பட்டார்கள், அந்தக் கொடுமைகளுக்குப் பின்னால் அரசே 'பிழை திருத்தம்' செய்ய வேண்டி வந்தது. டோய் மோய்க்கு அந்தக் கறை இல்லை.

அந்த மாநாட்டில் பொதுச் செயலாளரான நுயென் வான் லின், 1987 மே மாதம் கட்சி நாளிதழான 'ந்யன் ஸன்'-இல் 'உடனே செய்ய வேண்டியவை' என்று பத்தி எழுதத் தொடங்கினார். கீழே என்.வி.எல். என்று கையெழுத்து. அது அவர் பெயரின் முதலெழுத்துதான். மக்கள் அதை 'நோய் வா லாம்' என்று விரித்தார்கள்: பேசு, செய். கட்சித் தலைவர் ஒருவருக்கு வினைகளே பட்டப்பெயரான அபூர்வம் அது.

இப்போது அந்த 'சாய்', ஓடு என்ற சொல்லுக்கு வேறு வேலை. 'சாய் சுக்' என்றால் பதவிக்கு ஓடுதல், 'சாய் ஆன்' வழக்கு முடிவுக்கு ஓடுதல், 'சாய் த்ரூங்' பள்ளி இடத்துக்கு ஓடுதல். ஓடுதல் என்றால் கையில் லஞ்சப் பண உறையோடு வீடு வீடாக ஓடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். தெருச்சொல்லான இது மேலே ஏறி, 2019-இல் 'சாய் சுக்' தடுக்கவென்றே கட்சி 205-ஆம் எண் விதியைக் கொண்டுவரும் அளவுக்குப் போனது. இதன் பங்காளி 'ஸின் சோ'. ஸின் என்றால் கெஞ்சிக் கேள், சோ என்றால் கொடு. இரண்டு வினைகளை ஒட்டினால் ஒரு முழு ஆட்சிமுறைக்கே பெயர் வந்துவிட்டது: கீழே இருப்பவன் கேட்பான், மேலே இருப்பவன் மனமிருந்தால் கொடுப்பான். தலைவர்களே மேடையில் 'ஸின் சோ முறையை ஒழிக்க வேண்டும்' என்று பேசுகிறார்கள்.

மேடைக்கே நாட்டுவினை பிடித்துப்போனது கட்சிப் பொதுச் செயலாளர் நுயென் ஃபு த்ரோங் காலத்தில். ஊழல் ஒழிப்பு பற்றி 2017 ஜூலையில் அவர் சொன்னார்: உலை சூடாகிவிட்டால் பச்சை விறகைப் போட்டாலும் எரிந்துதான் ஆக வேண்டும். அன்றிலிருந்து 'டோத் லோ', உலை மூட்டுதல் என்பதே அந்த நடவடிக்கையின் பெயர். விசாரி, தண்டி என்ற சட்ட வினைகள் பின்னால் போய்விட்டன. உலைக்கு முன்னால் நிற்பவர் யார், விறகைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்ற கேள்விகளும் சேர்ந்தே போயின. 2024 ஜூலையில் அவர் காலமானார். அந்தப் பதவிக்கு அடுத்து வந்த தோ லாம் பிடித்த வினை 'வூவன் மின்', உடலை நிமிர்த்தி எழுதல்: 'இனம் நிமிர்ந்தெழும் யுகம்'. பேசாமல் கிடந்த மூன்று வயதுப் பிள்ளை சோம்பல் முறித்து எழுந்து ராட்சத வீரனாகும் ஸோங் கதை ஒவ்வொரு வியட்நாமியக் குழந்தைக்கும் தெரியும், அதனால் இதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. இதே காலத்தில்தான் 63 மாகாணங்கள் 34 ஆயின, 2025 ஜூலை 1 முதல். தேசிய அவைத் தீர்மானத்தின் தலைப்பில் இருப்பது 'இணை' என்ற வினை அல்ல. 'ஸாப் ஸேப்', ஒழுங்காக அடுக்கு. அலமாரியை அடுக்குவதற்கும் அதுதான்.

அழைப்பா, ஆணையா

கடைசியாக, சாதாரண மனிதரின் வீட்டு வாசலுக்கு வரும் ஒரு வினை. முகநூலில் ஏதோ எழுதிய ஒருவருக்குக் காவல்துறையிடமிருந்து ஒரு தாள் வருகிறது. தலைப்பு 'ஸேய் மோய்', அழைப்புச் சீட்டு. திருமணத்துக்கும் இதே மோய்தான். உள்ளே, இன்ன நாள் இன்ன நேரம் 'லாம் வியெக்' செய்ய வரும்படி இருக்கும். லாம் வியெக் என்றால் வேலை செய். காவல் நிலையத்தில் அவருக்கு என்ன வேலை? கேள்விக்குப் பதில் சொல்வதுதான். விசாரிக்கப்பட்டார் என்றால் பி வந்துவிடும், வேலை செய்தார் என்றால் இரு தரப்பும் சமம்போல் இருக்கும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருப்பது வேறு தாள்: 'ஸேய் த்ரியு தாப்', வரவழைக்கும் ஆணை. இதை மதிக்காவிட்டால் விளைவு உண்டு. அழைப்புச் சீட்டுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே விவரம் தெரிந்த நண்பரிடம் ஒருவர் பதறிப்போய்த் தொலைபேசினால், அவர் கேட்கும் முதல் கேள்வி 'என்ன எழுதினாய்' என்று இருக்காது. 'தாளின் தலைப்பில் என்ன வினை போட்டிருக்கிறது, முதலில் அதைப் படி' என்பதாகவே இருக்கும்.